கொப்பியை மூடும் உரிமை

அந்தத் தரம் 9 வகுப்பில் 31 மாணவர்கள் இருந்தார்கள். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன், அடுத்த இரண்டு தவணைகளும் பின்வரிசையில் அமர்ந்து என்ன எழுதப்போகிறேன் என்பதையெல்லாம் அவர்களுக்கு விளக்கினேன். விருப்பமில்லாதவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் வகுப்பாசிரியை, எனக்கு உதவவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, "எல்லாரும் வடிவாக் கையெழுத்து வச்சு ரீச்சரிட்டக் குடுங்க" என்றார். ஆறே நிமிடங்களில் 31 படிவங்களும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. கடைசியாக வந்த மாணவி மட்டும் படிவத்தை நீட்டியபடியே, "வைக்காட்டி ஏசுவீங்களா ரீச்சர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஏசமாட்டேன் என்றேன். ஆனால் அவள் கேட்கும்போதே கையெழுத்து படிவத்தில் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்கு அந்த 31 கையெழுத்துகளும் போதுமானவையாக இருந்தன. எனக்கு அவை அன்றிரவு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தன. ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கவும், கேட்டால் பதில் சொல்லவும், கொடுத்ததை நிரப்பித் திருப்பித் தரவும் ஐந்து வயதிலிருந்தே பழக்கப்பட்ட பிள்ளைகளிடம் போய், "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டுப் பெறும் சம்மதத்துக்கு என்ன பெறுமதி? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். பாடசாலைக்குள் இனவரைவியல் ஆய்வு, அதாவது மனிதர்களோடு நீண்டகாலம் கூடவே இருந்து கவனித்து எழுதும் ஆய்வு, செய்யப் புறப்படும் இளையவர்கள் சிலர் அண்மையில் என்னோடு பேசினார்கள். அவர்கள் எல்லோரும் அனுமதிக் கடிதத்தைப் பற்றியே கேட்டார்கள். அந்தப் பிள்ளை கேட்டதைப் போன்ற கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

போரினாலும் கடற்கோளினாலும் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பறையில் எப்போது வாய் திறக்கிறார்கள், எப்போது மௌனமாகிவிடுகிறார்கள் என்பதே என் ஆய்வின் பொருள். எந்தப் பாடசாலை என்று எழுதமாட்டேன். காலையில் திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்ட என் பஸ் நிலாவெளி வீதியில் சென்றதா, கிண்ணியாப் பாலத்தைக் கடந்ததா, கந்தளாய்ப் பக்கம் திரும்பியதா என்பதையும் சொல்லப்போவதில்லை. இந்த மாவட்டத்தில் மூன்று விவரங்களைச் சொன்னால் நான்காவதை வாசிப்பவரே சொல்லிவிடுவார்.

வினாக்கொத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கும் ஆய்வில் ஒரு பிள்ளை தான் எழுத விரும்பியதை மட்டுமே எழுதித் தருகிறது. இனவரைவியலில் மாதக்கணக்காக அருகிலேயே இருப்பதால், பிள்ளை தராதவையும் நமக்குக் கிடைத்துவிடுகின்றன. இடைவேளையில் யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யாருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது, 'அப்பாவின் தொழில்' என்ற கட்டத்துக்கு நேரே எந்தப் பேனை தயங்கி நிற்கிறது என்பதெல்லாம் நம் கண்ணில் படுகின்றன. இந்த முறையின் வலிமையும் அதுதான், ஆபத்தும் அதுதான். கொடுக்கப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதற்கு நாம் வேறெங்கும் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

அனுமதி பெறும் வழியை முதலில் சொல்லவேண்டும். மாகாணப் பாடசாலையாயின் மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் வலயக் கல்விப் பணிமனையையும், தேசிய பாடசாலையாயின் கல்வி அமைச்சையும் நாடவேண்டும். கடிதம் அங்கிருந்து அதிபருக்கு வரும். அதிபர் பகுதித் தலைவரிடம் சொல்வார். அவர் வகுப்பாசிரியையிடம் சொல்வார். வகுப்பாசிரியை பிள்ளைகளிடம் சொல்வார். மேலிருந்து இறங்க இறங்க, அனுமதி ஒவ்வொரு படியிலும் கட்டளையாக இறுகிக்கொண்டே வருகிறது. மேலதிகாரி ஒப்பமிட்ட கடிதத்தை அதிபர் மறுப்பது கடினம், அதிபரின் சொல்லை ஆசிரியை மறுப்பது அதனினும் கடினம், பிள்ளைக்கோ மறுப்பு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. முதல் இரண்டு மாதங்களும் ஓர் ஆசிரியர் நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் தன் பாடக்குறிப்புப் புத்தகத்தை விரித்து, என் பார்வை படும் விதமாக மேசையில் வைத்துவிடுவார். நான் மதிப்பீட்டுக்கு வந்தவள் அல்லள் என்று எத்தனையோ முறை சொல்லியும் அந்தப் புத்தகம் மூடப்படவில்லை. வலயத்திலிருந்து வந்த கடிதத்தோடு உள்ளே வந்தவளை அவர் வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும்?

ஒப்பமிட்ட தாள் சுதந்திரத்துக்குச் சான்றாகாது என்பதை ஆய்வுலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. நியூயோர்க்கில் வில்லோபுறூக் என்ற அரச நிறுவனம் இருந்தது. அதற்குப் பெயரே பாடசாலை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள், அங்கிருந்த பிள்ளைகள் சிலருக்கு ஆய்வுக்காக வேண்டுமென்றே ஈரலழற்சிக் கிருமி ஏற்றப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட்டே இருந்தார்கள். ஆனால் நிறுவனம் நிரம்பி வழிந்து, புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்ட காலத்திலும் ஆய்வுப் பிரிவின் வழியாக மட்டும் இடம் கிடைத்தது. பிள்ளையைச் சேர்க்க வேறு வழி அறியாத தாயின் கையெழுத்து அது. என்னுடைய ஆய்வில் யாருக்கும் ஊசி போடப்படவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முனையவில்லை. மறுத்தால் எதையோ இழக்க நேரும் என்று அஞ்சும் இடத்தில் வாங்கப்படும் கையெழுத்தைப் பற்றியே சொல்கிறேன்.

பெற்றோரின் சம்மதத்துக்காக வீடு வீடாகப் போனபோது இது இன்னொரு உருவத்தில் வந்தது. ஒரு மாணவனின் தாய் வெளிநாட்டில். பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மா. சீனி தூக்கலாகப் போட்ட தேநீரைத் தந்துவிட்டு நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சுனாமிக்குப் பிறகும் வந்து எழுதினாங்க. 2006 பிரச்சினைக்குள்ள ஓடி முகாமில இருக்கக்குள்ளயும் எழுதினாங்க. எழுதிக்கொண்டு போனவங்க ஒருத்தரும் பிறகு வந்து என்னாச்சு எண்டு சொல்லல்ல மகள். நீங்க படிச்ச புள்ள, கேக்கிறீங்க, வைக்கிறன்." வைத்தார். மறுக்க மனம் வராத விருந்தோம்பலின் கையெழுத்து அது.

இந்த மாவட்டத்தில் பெயரை எழுதிக்கொண்டு போவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு நிவாரணப் பட்டியல்கள். 2006இல் மாவிலாறில் தொடங்கிய சண்டையோடு மூதூர்ப் பக்கத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது முகாம் பட்டியல்கள். அவற்றோடு சேர்த்து, எதற்கென்று தெரியாமலே பதியப்பட்ட குடும்ப விவரங்கள். அதே ஆண்டின் ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கதை வீட்டில் சொல்லப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வந்து, கொப்பியும் பேனையுமாகப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எழுதும் ஒருத்தியை இந்த ஊர் எந்த நினைவோடு பார்க்கும் என்பதை நான் படித்த எந்த ஆய்வுமுறையியல் நூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்குள்ள உரிமையை அதன் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்த உறுப்புரையை என் முன்மொழிவில் மேற்கோள் காட்டியிருந்தேன். கருத்துச் சொல்லும் உரிமை, சொல்லாமல் விலகும் உரிமையையும் உள்ளடக்கியது என்றால் வகுப்பறையில் அது எப்படி நடக்கும் என்று நான் யோசித்தது, அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகுதான்.

இரண்டாவது வாரம் வகுப்பில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தேன். என் களக்குறிப்புகளை 120 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதிவந்தேன். அது எப்போதும் என் மேசையில் திறந்தே இருக்கும். யாருக்காவது நான் எழுதுவது பிடிக்கவில்லை என்றால், எந்த நேரத்திலும் வந்து அதை மூடிவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் அந்தப் பாடவேளை முடிந்து மணி அடிக்கும்வரை நான் எழுதமாட்டேன். ஆசிரியர்களிடமும் சொன்னேன். ஒருவர், இது பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துக் கெடுப்பது என்றார். மற்றவர்கள் சரி என்றார்கள்.

மூன்று வாரங்கள் யாரும் அதைத் தொடவில்லை. நான்காவது வாரம், கணித பாடவேளையில், பென்சில் சீவிய துருவலைக் குப்பைக்கூடையில் போடுவதற்காக எழுந்த ஒரு மாணவன், திரும்பி வரும் வழியில் என் மேசையைக் கடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமலே, இரண்டு விரல்களால் கொப்பியின் அட்டையைத் தள்ளி மூடிவிட்டுப் போய் அமர்ந்தான். கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைத் தவிர அந்த நேரத்தில் வகுப்பில் வேறொன்றும் நடக்கவில்லை. நான் பேனையை மூடி வைத்தேன். பாடம் முடியும்வரை அவன் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தான். நான் சொன்னதைச் செய்கிறேனா என்று பார்த்தான். அன்று வீடு திரும்பும் பஸ்ஸில், முதன்முறையாக ஒருவரின் சம்மதம் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவன் மறுக்கக்கூடியவனான பிறகுதான், அவன் மறுக்காத நாள்களுக்கு ஒரு பொருள் வந்தது.

பிறகு அது வழக்கமாயிற்று. இரண்டு தவணைகளிலும் 17 முறை கொப்பி மூடப்பட்டது. ஒருமுறை தமிழ்ப் பாடத்தில், 'எனது ஊர்' என்ற தலைப்பில் எழுதியதை ஒவ்வொருவராக வாசிக்கத் தொடங்குமுன்னரே ஒரு மாணவி எழுந்து வந்து மூடினாள். என் ஆய்வின் பொருளே அன்று அந்த வகுப்பில் வாசிக்கப்பட்டது. நான் எழுதவில்லை. ஆனால் கொப்பி மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருந்தது. அன்றிரவு வீட்டில் இருந்து நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்ற ஆசையை அடக்குவதே அந்த ஆய்வுக்காலத்தில் நான் பட்ட பெரும்பாடு. நல்ல இனவரைவியலாளருக்கு நினைவாற்றல் வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். சிலவற்றை நினைவிலேயே விட்டுவிடும் ஆற்றலும் வேண்டும்.

இந்த ஏற்பாடு உடைந்த சந்தர்ப்பத்தையும் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் விடுப்பில் நின்ற நாள்களில், சும்மா இருக்கும் என்னை ரிலீஃப் பாடவேளைக்கு அனுப்புவது அதிபருக்கு இயல்பாகவே தோன்றியது. ஆளணிப் பற்றாக்குறையை நேரில் பார்த்துக்கொண்டு மறுக்க எனக்கும் மனம் வரவில்லை. வெண்கட்டியோடு முன்னால் நின்றேன், சத்தம் போட்டவர்களை அமைதியாக இருக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வாரங்கள் ஒருவர்கூடக் கொப்பியை மூடவில்லை. பின்வரிசையில் இருந்தவள் முன்னால் வந்துவிட்டாள் என்பதைப் பிள்ளைகள் உடனே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதிபரிடம் காரணத்தைச் சொல்லி, வகுப்புக்குப் பதிலாக நூலகப் புத்தகங்களுக்கு இலக்கமிடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவது எழுதக் கடினமானது. ஒரு நாள் காலை 10.20 மணிக்கு, வீட்டுவேலை செய்யாமல் வந்த ஒரு மாணவனின் உள்ளங்கையில் ஓர் ஆசிரியர் மர அடிமட்டத்தால் அடித்தார். நான்கு அடி. நேரம் துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், நான் அதைக் கொப்பியில் எழுதியிருப்பதுதான். எழுதிய பிறகே என் கை நின்றது. மாணவன் கையைக் காற்சட்டையில் துடைத்தபடி இடத்துக்குப் போனான். வகுப்பு என்னைப் பார்த்தது.

பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2016இலும் ஒன்று வந்தது. ஆசிரியரின் அடியால் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தெளிவில்லாமல் இருந்தவை நான் கொடுத்த வாக்குறுதிகள். உங்களை மதிப்பிட வரவில்லை, இங்கே காண்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். இரண்டும் முழுமையாகக் காப்பாற்ற முடியாத வாக்குறுதிகள் என்பதை அந்த நான்கு அடிகளும் காட்டின.

பாடசாலை விட்ட பிறகு அந்த ஆசிரியரைத் தனியாகச் சந்தித்தேன். அவர் கோபிக்கவில்லை. களைத்துப் போயிருந்தார். "நீங்க ரெண்டு தவணையில போயிருவீங்க. நான் இதுக்குள்ளதான் இருப்பன்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் இன்னொரு முறை நடந்தால் அதிபரிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று சொன்னேன். என் முன்னிலையில் மறுபடி நடக்கவில்லை. நான் இல்லாத வகுப்புகளில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்ள வழி தேடியபோது, பிள்ளைகளை உளவாளிகளாக்காமல் அதை அறிய முடியாது என்பதும் புரிந்தது. அன்று வகுப்பிலேயே எழுந்து நின்றிருக்கவேண்டும் என்று இன்று நினைக்கிறேன். எழுதியது பார்வையாளருக்குரிய நடுநிலை என்று அப்போது எண்ணினேன். அடிபட்ட பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இன்னொரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டுமே.

மறுவாரம் வகுப்புக்கும் ஆசிரியர் கூட்டத்துக்கும் என் வாக்குறுதியைத் திருத்திச் சொன்னேன்: ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் மௌனமாக இருக்கமாட்டேன், அதை யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்வேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் கரும்பலகையில் எழுதினேன். அதற்குப் பிறகு என்னிடம் இரகசியம் சொல்ல வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆய்வுக்கு அது இழப்பு. சொல்லவேண்டியதைச் சொல்லவந்த ஒரு பிள்ளை, எது எங்கே போகும் என்று தெரிந்துகொண்டே வந்தது. அது என்ன என்பது இங்கே வராது.

பெயர்களை மாற்றினால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அயர்லாந்தின் கிராமம் ஒன்றில் 1970களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ், கிராமத்துக்குப் புனைபெயர் சூட்டியே தன் நூலை எழுதினார். கிராமத்தவர்களுக்குத் தங்களை அடையாளம் காண்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. 1999இல் அவர் திரும்பிச் சென்றபோது, அங்கிருந்து வெளியேறும்படி சொல்லப்பட்டார். புனைபெயர் தூரத்தில் இருப்பவரிடமிருந்துதான் காப்பாற்றும். பக்கத்து மேசையில் இருப்பவரிடமிருந்து காப்பாற்றாது. ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியை ஒருவர்தான் இருப்பார். அவருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அவர் அவரே.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பெயர்கள் மதத்தையும் சமூகத்தையும் கூடவே சுமந்து வருபவை. வகுப்பில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் இருந்தால், முஸ்லிம் புனைபெயர் வைத்தவுடனே அடையாளம் பாதி வெளிப்பட்டுவிடும். வேறு பெயர் வைத்தால் அவர்களுடைய அனுபவத்தின் பொருளே மாறிவிடும். 2018இல் ஆசிரியைகள் அபாயா அணிவது தொடர்பாக இந்நகரின் பாடசாலையொன்றில் எழுந்த சர்ச்சை நாடு முழுவதும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு ஓர் ஆசிரியையின் உடையைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கும் பத்து முறை யோசிக்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளையே தங்களுக்குப் புனைபெயர் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒருத்தி, முந்திய ஆண்டு பாடசாலை மாறிப்போன தன் உயிர்த்தோழியின் பெயரை எழுதித் தந்தாள். முழு வகுப்புக்கும் அது யாரென்று தெரியும். அவளோடு அமர்ந்து பேசி வேறொரு பெயரைக் கண்டுபிடிக்க ஓர் இடைவேளை முழுவதும் எடுத்தது.

அந்த அம்மம்மாவின் சொல்லை மறக்கமுடியாததால், எழுதி முடித்ததும் திரும்பிப் போனேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவரைப் பற்றி எழுதிய பகுதிகளைத் தனித்தனியாக வாசித்துக் காட்டினேன். பெரும்பாலானோர் சிரித்தார்கள், சிலர் பிழை திருத்தினார்கள். அம்மம்மாவுக்கு அவருடைய வீட்டு விறாந்தையிலேயே வாசித்தேன். பேரனைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

கணித பாடத்தில் முதன்முதலாகக் கொப்பியை மூடிய அந்த மாணவன் தரம் 10க்கு வந்திருந்தான். அவனைப் பற்றிய மூன்று பக்கங்களையும் தானே வாசிக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினான். விரலை வரிக்குக் கீழே நகர்த்தி வாசித்தவன், இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, "இத மட்டும் எடுக்கலாமா ரீச்சர்?" என்றான். நான்காம் அத்தியாயத்தின் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. பேனையை அவனிடமே கொடுத்தேன். அவன் அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு கிழித்தான்.

வாய்மொழித் தேர்வில், நான்காம் அத்தியாயத்தின் அந்தப் பந்தி ஏன் நடுவிலேயே நின்றுவிடுகிறது என்று பரீட்சகர் கேட்டார். அங்கே ஒரு வாக்கியம் இருந்தது, அதற்குரியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றேன். அவர் சிறிது நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு, ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினார்.